தேய்ந்த கத்தி

உத்தரப் பிரதேசத்தில், பரேலி நகரில், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவரின் வீட்டுத் தகரப் பெட்டியில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு மடக்குக் கத்தி இருக்கிறது. அவருடைய தந்தை 1968-ல் ராம்பூர் பட்டறை ஒன்றில் அளவு சொல்லி, பக்கத்திலேயே உட்கார்ந்து செய்து வாங்கியது. தந்தை 1999-ல் காலமானார். அதன் பிறகு கத்தி பெட்டிக்குள் போனது. சென்ற ஆண்டு கோடையில் தில்லியிலிருந்து வந்த மகன், ஒரு தனியார் நிறுவனத்தில் இன்ஜினியர், அதைத் தனக்குத் தரும்படி கேட்டார். தந்தையும் சந்தோஷமாகக் கொடுத்தார். மறுநாள் காலை, கத்தியில் என்னென்ன மாற்றங்கள் செய்யப்போகிறேன் என்று மகன் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியதும், கொடுத்ததைத் திரும்ப வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

வழக்கு ஏழெட்டு மாதம் நடந்தது. ஒரு கத்திக்காகவா என்று தோன்றலாம். அரை பிகா நிலத்துக்காக இரண்டு தலைமுறை பேசாமல் இருக்கும் சகோதரர்களைக் கொண்ட ஊர்ப்புறத்தில் இது பெரிய சங்கதி அல்ல. தவிரவும், கத்தியைக் காரணமாக வைத்து அந்த வீட்டில் பேசப்பட்ட விஷயம் பழைய கைக்கடிகாரமோ, பாட்டியின் வளையலோ, தாத்தாவின் வீடோ வைத்திருக்கிற யாருக்கும் ஒரு நாள் வந்துசேரக்கூடியது. கிடைத்ததைக் கிடைத்தபடி வைத்திருப்பதா, நம் உபயோகத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதா?

ராம்பூர் பரேலிக்கும் மொராதாபாத்துக்கும் நடுவே, ரயில் பாதையிலேயே இருக்கிறது. 1774-ல் நவாப் ஃபைசுல்லா கானால் நிறுவப்பட்டு, 1949-ல் இந்தியாவுடன் இணைக்கப்பட்ட சமஸ்தானம். படித்தவர்களுக்கு ராம்பூர் என்றால் ரஜா நூலகம். அங்குள்ள அரபு, பாரசீகச் சுவடிகள் உலகப் பிரசித்தம். சங்கீத ரசிகர்களுக்கு ராம்பூர் கரானா. மற்ற எல்லோருக்கும் ராம்பூர் என்றால் கத்திதான். ஹிந்தியில் கத்திக்கு 'சாகூ' என்று பெயர். (தமிழ்க் காதுக்குக் கோணிப்பை ஞாபகம் வந்தால் அது காதின் குற்றமல்ல.) ராம்பூரி சாகூவுக்குப் புகழும் கெட்ட பெயரும் வாங்கிக் கொடுத்ததில் பம்பாய் சினிமாவின் பங்கு பெரியது. 1965-ல் வந்த 'வக்த்' படத்தில் ராஜ்குமார் ஒரு கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு பேசும் வசனத்தை ஹிந்தி ரசிகர்கள் இன்றும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் வில்லனின் அடியாள் என்று ஒருவர் திரையில் வந்தால் அவர் சட்டைப்பையில் ஒரு ராம்பூரி இருந்தாக வேண்டும் என்பது எழுதாத விதி.

அந்தக் கத்தியின் விசேஷம் அதன் சத்தம். அலகின் அடிப்பாகத்தில், பிடிக்குள் மறைந்திருக்கும் இடத்தில், அரத்தால் பற்கள் வெட்டியிருப்பார்கள். கத்தியைத் திறக்கும்போது பிடியின் முதுகில் உள்ள எஃகு வில் ஒவ்வொரு பல்லிலும் விழுந்து எழும். கடைசிப் பல்லில் விழுந்து இறுகிக்கொள்ளும். கட், கட், கட், கட். ஹிந்தியில் இந்த வகைக்குக் 'கராரிதார்' என்று பெயர். சினிமாக்காரர்களுக்கு அந்தச் சத்தம் போதுமானதாக இருந்தது. ஆனால் பற்களை வைத்தவர்கள் சத்தத்துக்காக வைக்கவில்லை. வேலை செய்யும்போது அலகு தானாக மடங்கி விரலைப் பதம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தார்கள்.

பரேலிக்காரரின் தந்தைக்கு வேண்டியிருந்ததும் அதுதான். அவர் ராம்பூர் பக்கத்தில் மாந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். மாங்கன்றுகளுக்கு நெருக்கு ஒட்டுக் கட்டுவதில் கைதேர்ந்தவர். ஒட்டுக்கு, கன்றின் தண்டிலும் தாய்மரத்துக் கிளையிலும் விரல் நீளத்துக்குப் பட்டையோடு சேர்த்து மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். இரண்டு வெட்டுமுகங்களும் காற்றுப் புகாமல் பொருந்த வேண்டும். இரண்டு பக்கமும் சாய்வாகத் தீட்டிய சாதாரணக் கத்தி இந்த வேலையில் மரத்துக்குள் இறங்கிவிடும். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சாய்வாகவும் உள்ள கத்தி வழுக்கிக்கொண்டு போகும். அப்படி ஒன்றை அவர் சொல்லிச் செய்தார். அலகு 5 அங்குல நீளம், 1 அங்குல அகலம். பிடிக்கு இரண்டு பக்கமும் எருமைக் கொம்பு, முனைகளில் பித்தளைப் பூண். அலகின் அடியில் பட்டறைக்காரரின் முத்திரை, கோதுமை மணி அளவில் ஒரு பிறை.

காலையில் ஒட்டுக் கட்ட, பகலில் சணல் அறுக்க, மத்தியானம் மாம்பழம் நறுக்க என்று முப்பது வருஷம் அந்தக் கத்தி ஓயவில்லை. ஆக, அடியாள் கையில் அல்ல, தோட்டக்காரர் கையில் தேய்ந்த ராம்பூரி இது. எண்ணிக்கையில் எது அதிகம் என்று யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை.

மகனின் தாளில் இருந்தவை இவை. அலகை 3 அங்குலத்துக்குக் கீழே குறைப்பது. பற்களை ராவி எடுத்துவிட்டுச் சாதாரண வில் வைப்பது. பூச்சி அரித்த கொம்பை வீசிவிட்டுத் துணியும் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்த நவீனப் பலகையைப் பொருத்துவது. ரிவிட்டுகளுக்குப் பதில் திருகாணி. அப்போதுதான் வேண்டும்போது கழற்றிச் சுத்தம் செய்யலாம். கடைசியாக, அலகைக் கண்ணாடி போல மெருகேற்றுவது.

இதில் முதல் இரண்டும் அழகுக்காகச் சொன்னவை அல்ல, சட்டத்துக்காகச் சொன்னவை. கத்தி விஷயத்தில் நம் சட்டம் ஊருக்கு ஊர் வேறு. 1959-ன் ஆயுதச் சட்டமும் அதன் கீழ் உள்ள விதிகளும் பொதுவாக 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத்தான் ஆயுதம் என்று கருதுகின்றன; வீட்டு உபயோகம், விவசாயம், விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கும் உண்டு. ஆனால் தில்லிக்கென்று 1980-ல் ஒரு தனி அறிவிக்கை வந்தது. ஸ்பிரிங் கத்தி, பட்டன் கத்தி, கராரிதார் கத்தி என்று பெயர் சொல்லியே குறிப்பிட்டு, 7.62 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீளம், 1.72 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் அகலம் உள்ளவற்றை அது கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது. உத்தரப் பிரதேசத்தில் 1990களில் நான்கரை அங்குலத்துக்கு மேல் அலகு செய்யக்கூடாது என்றார்கள். ராம்பூர் பட்டறைகள் பல ஓய்ந்துபோனதற்கு அதை ஒரு காரணமாகச் சொல்வார்கள். மலிவான இயந்திரக் கத்திகளின் வரவு இன்னொன்று.

வீட்டு அலமாரியில் வைத்திருப்பதற்கும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போவதற்கும் சட்டத்தில் என்ன வித்தியாசம், எது விவசாயக் கருவி, எது ஆயுதம் என்பதையெல்லாம் ஒரு நல்ல வக்கீல் கோர்ட்டில் ஒரு மணி நேரம் விளக்க முடியும். இரவு பத்து மணிக்குச் சாலைத் தடுப்பில் நிற்கும் கான்ஸ்டபிளிடம் நெருக்கு ஒட்டைப் பற்றி விளக்க முடியாது. மகனின் பயம் நியாயமானது.

அவர் வெர்னியர் அளவுகோலை வைத்து அலகை அளந்தார். நீளம் 12.7 சென்டிமீட்டர். அகலம், செய்தபோது 2.5-க்குச் சற்று மேல் இருந்திருக்க வேண்டியது, இப்போது நடுவில் 1.9 சென்டிமீட்டர். முப்பது வருஷத் தீட்டலில் ஆறு மில்லிமீட்டருக்கு மேல் எஃகு கல்லோடு போயிருக்கிறது.

"இன்னும் பத்து வருஷம் மாம்பழம் நறுக்கினால் போதும் பாபுஜி, அகலம் 1.72-க்குக் கீழே போய்விடும். சட்டத்துக்கு நல்லதாகிவிடும்" என்றார் மகன்.

"அப்படியென்றால் நறுக்கு, பேட்டா. வெட்டாதே" என்றார் தந்தை.

வேடிக்கையாகச் சொன்ன அந்த அளவில்தான் இந்த வழக்கின் முடிச்சு இருந்தது. தந்தை 'அசல்' என்று சொல்லிக் காப்பாற்ற நினைத்த கத்தி 1968-ல் பட்டறையை விட்டு வந்த கத்தி அல்ல. அந்தக் கத்தியின் அகலத்தில் கால் பங்கு எப்போதோ போய்விட்டது. நேராக இருந்த விளிம்பு நடுவில் லேசாக உள்வாங்கி, முனைப்பக்கம் மறுபடி உயர்ந்திருக்கிறது. தீட்டியவர் கல்லில் எப்படிக் கையை இழுத்தார் என்பது அந்த வளைவில் தெரிகிறது. இன்னும் ஒன்று. பிடியில் உள்ள மூன்று ரிவிட்டுகளில் இரண்டு பித்தளை, ஒன்று இரும்பு. நடுவில் எப்போதோ கழன்று, கையில் கிடைத்த ஆணியை வெட்டி அடித்திருக்கிறார் தோட்டக்காரர். வேண்டுமானால் இதை அவர் கத்தியை மாற்றினார் என்று சொல்லலாம். மாற்றினோம் என்ற நினைப்பே அவருக்கு இருந்திருக்காது.

ஆகவே "அப்படியே இருக்கட்டும்" என்று சொல்கிறவர்கள் முதலில் எந்த 'அப்படி' என்பதைச் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் கொடுத்ததா, தாத்தா விட்டுப்போனதா? பலருடைய வீட்டில் இந்தக் கேள்வி எழுவதற்கு முன்பே ஒருவர் பித்தளை பாலிஷ் டப்பாவோடு உட்கார்ந்துவிடுவார்.

அந்த டப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கரிமம் அதிகமுள்ள பழைய எஃகு அலகில் பழச்சாறு பட்டுப் பட்டு ஒரு சாம்பல் நிறம், சில இடங்களில் நீலம் கலந்த கறுப்பு ஏறும். பார்ப்பதற்கு அழுக்கு. உண்மையில் அது எஃகின் மேலேயே உண்டான ஒரு மெல்லிய படலம்; சிவப்புத் துருவை அது ஓரளவுக்குத் தள்ளி நிறுத்துகிறது. அதைத் தேய்த்து எடுத்துப் பளபளப்பாக்கினால் அடுத்த மழைக்காலத்தில் துரு புதிதாக வந்து உட்காரும். செந்துருவை மட்டும் எண்ணெய் தொட்ட மெல்லிய தேய்ப்பால் நீக்கிவிட்டுக் கறுப்பை விட்டுவிடுவதே விவரம் தெரிந்தவர்கள் செய்வது. தென்னிந்தியாவின் உக்கு எஃகில் செய்த பழைய வாள்களுக்கும் இதே கதிதான் நேர்ந்தது. ஓடும் தண்ணீர் போன்ற கோடுகளுக்காக உலகமெங்கும் பெயர் பெற்ற அந்த எஃகை மைக்கேல் ஃபாரடே போன்றவர்கள் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வைத்து ஆராய்ந்தார்கள். இங்கே பல வீடுகளில் வாரிசுகள் அந்தக் கோடுகளை அழுக்கு என்று நினைத்து மெருகேற்றித் துடைத்தார்கள். மெருகில் மறைந்த கோட்டை லேசான அமிலம் தடவி மீட்டுவிடலாம். பழுக்கக் காய்ச்சி அடித்துவிட்டால் மீட்க முடியாது.

மீட்க முடிவது, முடியாதது என்ற இந்தப் பிரிவுதான் கத்தி விஷயத்தில் அசல், மாற்றம் என்ற பிரிவைவிடப் பயனுள்ளது. மகனின் தாளை இப்படிப் பார்த்தால் பட்டியல் வேறு மாதிரி தெரிகிறது. கொம்பு மாற்றுவது பெரிய விஷயமே இல்லை. கொம்பும் நகத்தைப் போன்ற பொருள்தான். காயும், சுருங்கும், பூச்சி அரிக்கும். பழைய கொம்பை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டால் நாளை யாரும் திரும்பப் பொருத்தலாம். (பெரிய மான் கொம்பாக வாங்கிப் போடலாமே என்று ஒரு உறவினர் யோசனை சொன்னாராம். 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது சிறைக்குப் போகும் யோசனை. தானாக உதிர்ந்த கொம்பு என்றாலும் வாங்கவோ விற்கவோ முடியாது. எருமைக்கு அந்தத் தொல்லை இல்லை.) வில் தளர்ந்துபோனால் புது வில், அதுவும் அப்படியே. திருகாணி யோசனை கொஞ்சம் சிக்கல்: பழைய ஓட்டையைப் பெரிதாக்கி மரை வெட்ட வேண்டும்.

ஆனால் பல்லை ராவியது ராவியதுதான். அலகை வெட்டியதும் அப்படித்தான். வெட்டுவது என்றால் பெரும்பாலும் மின்சார சாணையில் கொடுத்துவிடுவார்கள், பொறி பறக்கும். மெல்லிய அலகு சில நொடிகளில் சூடேறிவிடும். எஃகு வைக்கோல் நிறமானால் 220, 230 டிகிரி சென்டிகிரேட். பழுப்பு, ஊதா என்று ஏறி நீலம் வரும்போது சுமார் 300. அந்த நீலம் வந்த இடத்தில் கொல்லர் கொடுத்த கடினம் போய்விட்டது என்று அர்த்தம். பார்வைக்குக் கத்தி போலவே இருக்கும். தக்காளியில் இரண்டு நாள் வெட்டினால் மழுங்கிவிடும். நிறத்தைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள் என்பதால் வாங்கிப்போகிறவருக்கு அது தெரியவும் தெரியாது.

அப்படியே பொறுமையாகத் தண்ணீர் ஊற்றி ஊற்றி வெட்டினாலும் என்ன கிடைக்கும்? 5 அங்குல அலகுக்காகச் செய்த பிடிக்குள் 3 அங்குலத்துக்கும் குறைந்த அலகு மடங்கி உட்காரும். மீதி இடம் காலியாக இருக்கும். ஒட்டுக் கட்டுவதற்காக வைத்த ஒருபக்கச் சாய்வு, முனையில்லாத அந்தக் குட்டை அலகில் ஒன்றுக்கும் உதவாது. தாத்தா தீட்டிய வளைவில் பாதிக்கு மேல் போய்விடும். மிஞ்சுவது பெயரளவில் அதே கத்தி.

மகனின் பக்கமும் காலியாக இல்லை. இருபத்தைந்து வருஷம் பெட்டிக்குள் வைத்துக் கத்தியைக் காப்பாற்றியதாக நினைத்தவர் தந்தை. அந்த இருபத்தைந்து வருஷத்தில்தான் கொம்பைப் பூச்சி அரித்தது, வில்லில் துரு ஏறியது, அலகில் சிறு குழிகள் விழுந்தன. முப்பது வருஷ உபயோகத்தில் நேராத சேதம். "தாதாஜி இருந்தால் இதைப் பெட்டியில் வைத்திருப்பாரா?" என்று மகன் கேட்டதற்குத் தந்தையிடம் பதில் இல்லை. சிவப்புத் துணி சேமித்து வைத்திருந்த ஈரத்துக்கும் இல்லை.

பழையதைப் புதுப்பிப்பது பாவம் என்ற எண்ணம் நம் நாட்டு மரபில் அவ்வளவாகக் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். பூரியில் ஜகந்நாதரின் மரத் திருமேனியே குறிப்பிட்ட வருஷங்களில் மாற்றப்படுகிறது. 1996-லும் 2015-லும் நவகளேபரம் நடந்தது. பின்னமான சிலைக்குப் பூஜை இல்லை. கோயில்களுக்கு ஜீர்ணோத்தாரணம் உண்டு. தொட்டதைத் தொட்டபடி வைப்பது அருங்காட்சியகத்தின் நியாயம். அது இங்கே பின்னால் வந்தது. இரண்டும் நல்ல நியாயங்கள்தான். ஆனால் புதுப்பிக்கும் மரபில் ஒரு நிபந்தனை எப்போதும் இருந்தது: யார் வேண்டுமானாலும் கை வைக்க முடியாது. அதற்கென்று மரபு வழியில் வந்தவர்கள் முறையாகச் செய்தால்தான் அது புதுப்பித்தல். இந்த நிபந்தனையை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டதால் கோயில் தூண்களுக்கு எனாமல் பெயிண்ட் அடித்த கதைகள் எல்லா மாநிலத்திலும் இருக்கின்றன.

பரேலி வழக்கில் யாருக்கும் தோன்றாத யோசனையைச் சொன்னது அந்த வீட்டு அம்மாள். ராம்பூர் ரயிலில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. செய்த இடத்திலேயே கேட்டால் என்ன?

போன பிப்ரவரியில் தந்தையும் மகனும் போனார்கள். 2023 மார்ச்சில் ராம்பூரில் நைனிடால் சாலைச் சந்திப்பில் 6.10 மீட்டர் நீளத்துக்கு ஒரு ராட்சத ராம்பூரிக் கத்தியைப் பித்தளையும் எஃகுமாக நிறுத்தி, அந்த இடத்துக்கு 'சாகூ சௌக்' என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். நகர வளர்ச்சி ஆணையம் 50 லட்ச ரூபாய்க்கு மேல் செலவழித்தது. அதன் கீழ் நின்று குடும்பங்கள் படம் எடுத்துக்கொள்கின்றன. சிலைக்கு அளவு வரம்பு எதுவும் கிடையாது போலும்.

கத்தி பஜாரில் இப்போது பெரும்பாலும் சமையலறைக் கத்திகளும் கத்தரிக்கோல்களும் தொங்குகின்றன. பிறை முத்திரைப் பட்டறை மூடி வருஷங்கள் ஆகிவிட்டன, செய்தவர் இல்லை. அவருடைய சகோதரி மகன் இரண்டு சந்து தள்ளி ஒரு சிறிய பட்டறை வைத்திருந்தார். எழுபதைத் தொடும் வயது. கத்தியை வாங்கிக் கண்ணாடி போடாமலே விரலால் முத்திரையைத் தடவினார். பிறகு திறந்தார். நான்கு சத்தத்துக்குப் பதில் இரண்டுதான் கேட்டது. வில் செத்துவிட்டது என்றார்.

மகன் தாளை நீட்டினார். உஸ்தாத் அதைப் பொறுமையாகப் பார்த்தார். கொம்பு மாற்றலாம், வில் மாற்றலாம், துரு எடுக்கலாம் என்றார். அலகை வெட்டுவதற்கு அவர் மறுக்கவில்லை. வேலை இல்லாத பட்டறை எதையும் மறுக்கிற நிலையில் இல்லை. அதற்கு ஆகும் கூலியைச் சொன்னார். அதே கூலிக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் புதிதாகவே ஒன்று செய்துவிடலாம் என்றும் சொன்னார். எவ்வளவு நீளம் வேண்டும்?

கணக்கு அங்கே முடிந்தது. இன்ஜினியர்களுக்குப் புரியும் பாஷை அது. மகன் தன் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் வேறு படம் போட்டார். அலகு 7 சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர் அகலம். பற்கள் வேண்டாம், பட்டன் வேண்டாம், நகத்தால் இழுத்துத் திறக்கும்படி ஒரு பள்ளம் போதும். பிடிக்கு எருமைக் கொம்பு. முத்திரை? உஸ்தாதுக்கு முத்திரை என்று ஒன்று இருந்தது. கடந்த பல வருஷங்களாக அதைப் போடும்படியான வேலை வரவில்லை. டிராயரில் தேடி எடுத்தார்.

பட்டறைகள் அழிகின்றன என்று வருத்தப்படுகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே எதையும் செய்யச் சொல்வதில்லை. சிலையைப் பார்த்துவிட்டு, ஒரு சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பழைய கத்திக்கு நல்ல வில் கிடைப்பது, புதுக் கத்தி செய்யத் தெரிந்த ஒருவர் உயிரோடும் வேலையோடும் இருக்கும்வரைதான். மாற்றுவதா விடுவதா என்று ஏழெட்டு மாதம் சண்டை போட்ட இருவரும் இந்த ஒரு விஷயத்தை நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

தாத்தாவின் கத்திக்கு நடந்த வைத்தியம் இது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, செந்துருவை மட்டும் எடுத்து, கறுப்பை விட்டார்கள். புது வில்லை உலையில் காய்ச்சி எண்ணெயில் தோய்த்து, பழைய பற்களுக்குப் பொருந்தும்வரை அரத்தால் ராவிப் போட்டார் உஸ்தாத், பற்களைத் தொடவில்லை. ஒரு பக்கத்துக் கொம்புதான் கெட்டிருந்தது. அதை மட்டும் மாற்றினார். புதுக் கொம்பு கறுப்பு, பழையது தேன் நிறம், இரண்டும் ஒத்துப்போகவில்லை. சாயம் போட்டு ஒரே நிறமாக்கித் தரட்டுமா என்று கேட்டதற்குத் தந்தை வேண்டாம் என்றார். தோட்டக்காரர் அடித்த இரும்பு ஆணியை எடுத்துவிட்டுப் பித்தளை போடலாமா என்றதற்கு இரண்டு பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். பல மாதங்களுக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

கழற்றிய வில்லையும் அரித்த கொம்பையும் உஸ்தாத் ஒரு உருது நாளிதழின் துண்டில் மடித்துக் கொடுத்தார். தந்தை அதன் மேல் தேதி எழுதித் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். கத்தி பெட்டியில் இல்லை. சமையலறையில், கத்திகளோடு கத்தியாக, எண்ணெய்த் துணியின் மேல் இருக்கிறது. சிவப்புத் துணியை அம்மாள் அடுப்புப் பக்கம் பயன்படுத்திக்கொண்டுவிட்டார். ஜூனில் தஸேரி வந்ததும் முதல் பழத்தை நறுக்கியது தாத்தாவின் கத்திதான்; கட், கட், கட், கட் என்று நான்கு சத்தத்தோடு திறந்தது. அதை வீட்டுக் குழந்தைகள் தொடக்கூடாது என்று புது விதி வந்திருக்கிறது.

மகனின் சின்னக் கத்தி தில்லியில் வேலை செய்துகொண்டிருக்கிறது, பெரும்பாலும் கூரியர் உறைகளைத் திறப்பதில். அதன் பிடியில் ஒரு துளை போட்டுக் கயிறு கோத்துக்கொள்ளலாமா என்று அவர் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறார். அது அவர் கத்தி.